அப்பாகிட்ட பேச வேண்டாம், பக்கத்துல உக்காருங்க

பொங்கலுக்கு வந்திருந்த என் அக்கா மகன், வரப்புல என்கூட நடந்துக்கிட்டே ஒரு குறை சொன்னான். சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்குற பையன்.

"மாமா, அப்பாவுக்கு வாரம் தவறாம போன் பண்றேன். சாப்டியா, சாப்டேன். மழை பெஞ்சுதா, இல்ல. சரி, அம்மாகிட்ட குடுக்குறேன். அவ்வளவுதான். மனசு விட்டுப் பேசணும்னு நானும் பாக்குறேன், வார்த்தை வர மாட்டேங்குது."

நான் சொன்னேன்: "பேசாதடா. அவருக்குப் பிடிச்ச ஆட்டம் எதுன்னு கண்டுபிடிச்சு, பக்கத்துல உக்காந்து பாரு."

சிரிச்சான். ஆனா நான் விளையாட்டுக்குச் சொல்லல. என் அப்பாவும் நானும் 50 வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். மனசு விட்டுப் பேசினது ஒரு நாள்கூட கிடையாது. ஆனாலும் அவர் மனசு எனக்குத் தெரியும். அதுக்குக் காரணம் சடுகுடு.

அப்பா பேசினா எல்லாம் வேலைப் பேச்சுதான். தண்ணி பாஞ்சுதா, மாட்டுக்கு வைக்கோல் போட்டியா, மடையை அடைச்சியா. ஆனா அறுப்பு முடிஞ்சு மாசி, பங்குனி வந்தா ஆளே மாறிடுவார். சாயங்காலமே குளிச்சுட்டு சைக்கிளை எடுப்பார். பின்னாடி கேரியர்ல நான். நாலஞ்சு மைல் தள்ளி ஏதோ ஒரு ஊர்ல ராத்திரி ஆட்டம் நடக்கும். அறுத்த வயலைக் கொத்தி, மண்ணைப் புழுதியாக்கி, சுண்ணாம்புல கோடு போட்டிருப்பாங்க. சுத்தியும் பெட்ரோமாக்ஸ் லைட்டு. எனக்கு எட்டு, ஒம்போது வயசு இருக்கும்.

அப்பாவும் ஒரு காலத்துல ஆடினவர், பிடிக்கிற ஆள். முழங்கால் போனப்புறம் விட்டுட்டார். எதிராளி ரைடு வர்றப்ப, கூட்டத்துல நின்னுக்கிட்டே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். பிடி விழுந்ததும்தான் விடுவார். மறுநாள் காலைல விரல் தடம் சிவந்திருக்கும். அப்பா என்னைத் தொட்டதுன்னு எனக்கு ஞாபகம் இருக்குறது, அடி வாங்கினதும் இதுவும்தான்.

1983-ல கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். எங்க ஊர்ப் பசங்க எல்லாம் தென்னமட்டையை வெட்டி எடுத்துக்கிட்டு கிரிக்கெட்டுக்கு ஓடினோம், நானும்தான். "நாள் பூரா நிக்கிறதுக்குப் பேரு ஆட்டமா?"ன்னு அப்பா கேட்டார். அதுக்கப்புறம் கேரியர்ல நான் ஏறல. அவரும் கூப்பிடல.

அப்புறம் வந்ததுதான் பெரிய சண்டை. 1994-ல, ஆத்துத் தண்ணியை நம்பி நெல்லுப் போட்டது போதும்னு, ரெண்டு ஏக்கர் வயலைத் தென்னந்தோப்பா மாத்தினேன். 140 கன்னு. அப்பாவுக்கு அது ஆகவே இல்ல. "சோறு போட்ட வயல்ல மரத்தை நடுறியே"ன்னு சொன்னவர், கிட்டத்தட்ட ஒரு வருஷம் என்கிட்ட நேரா பேசல. எது வேணும்னாலும் அம்மா வழியாத்தான் தகவல் வரும். பேச்சு திரும்பி வந்தப்புறமும் தோப்புக்குள்ள அவர் கால் வச்சதில்ல.

2014-ல புரோ கபடி வந்துச்சு. ஒரு ராத்திரி நான் டிவியில சேனல் மாத்திக்கிட்டே போனப்ப, "அதுல வைடா"ன்னு திண்ணையில இருந்து குரல் வந்துச்சு. உள்ள வந்து உக்காந்தார். மொத ஒரு வாரம் பூரா திட்டுதான். மெத்தை மேல என்னடா ஆட்டம், புழுதி இல்லாம என்ன சடுகுடு, மூச்சைக் கணக்கு வச்ச காலம் போயி 30 விநாடி கடிகாரம் வச்சுட்டானுங்களேன்னு. ஆனா ஒரு ஆட்டம் விடல. ஒம்போது மணிக்குப் படுக்குற மனுஷன், ஆட்டம் முடியற வரைக்கும் முழிச்சிருந்தார்.

எனக்கோ பாதி விதி மறந்து போச்சு. கேட்க ஆரம்பிச்சேன். அவன் ஏன் அந்தக் கோட்டைத் தொட்டுட்டு வர்றான்? ஏன் கணுக்காலைப் பிடிக்கிறான், இடுப்பைப் பிடிக்கல? "உடம்பு எப்படிப்பா இருக்கு"ன்னு கேட்டா "ம்"னு சொல்றவர், இதுக்குப் பத்து நிமிஷம் பதில் சொன்னார். எழுந்து நின்னு, வலிக்கிற முழங்காலோட, எப்படிப் பிடிக்கணும்னு காட்டினார். 2016-ல நம்ம தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டி சேரலாதன் 41 வயசுல இந்திய அணியில ஆடினார். ஈரானை 38-29ல ஜெயிச்சு உலகக் கோப்பையை எடுத்தாங்க. அன்னைக்கு அப்பாவுக்கு இருந்த சந்தோஷம், சொந்த மகன் ஜெயிச்ச மாதிரி.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல். விடிஞ்சு போய்ப் பாத்தா 140 மரத்துல ஒம்போதுதான் நின்னுச்சு. 24 வருஷத்து உழைப்பு. அப்பா பின்னாடியே வந்தார். 24 வருஷத்துல மொத தடவையா தோப்புக்குள்ள வந்தார். 'நான் அன்னைக்கே சொன்னேன்'ங்கிற வார்த்தைக்காக நான் காத்துக்கிட்டு நின்னேன். அவர் சொல்லல. ஒரு மரத்து மேல உக்காந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து வீட்டுக்குப் போயிட்டார்.

எங்க தெருவுக்குக் கரண்டு வர 27 நாள் ஆச்சு. அத்தனை நாளும் வீட்டுல யாரும் அதிகம் பேசல. கரண்டு வந்த அன்னைக்கு அப்பா சொன்ன மொத வார்த்தை: "டிஷ்ஷு வேலியில கெடக்கு, எடுத்து மாட்டு. ஆட்டம் இருக்கும்."

உக்காந்து பாத்தோம். ஒரு அணியில முக்கால்வாசிப் பேர் அவுட்டாகி வெளியில உக்காந்திருந்தாங்க. அப்பா திரையைப் பாத்துக்கிட்டே, "ஒரு பாயிண்டு எடுத்தா ஒருத்தன் உள்ள வருவான். வெளியில போனவன் போனவனாவே இருக்கிற ஆட்டம் இல்ல இது"ன்னார். எனக்கு விதி சொன்னாரா, ஆறுதல் சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேக்கவும் இல்ல. அடுத்த வாரம் விழுந்த மரத்தை அறுக்க ஆள் கூப்பிட்டேன்.

பட்டணத்துல இருக்குற உங்களுக்கு இதைத்தான் சொல்ல வர்றேன். எதிர்ல உக்காந்து 'என்கிட்ட பேசுங்கப்பா'ன்னு கேட்டா, எங்க தலைமுறை அப்பாக்களுக்கு விசாரணை மாதிரி ஆயிடுது. பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் வேற எதையோ பாத்தா வாய் தானா திறக்கும். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, உங்க ஆட்டத்துக்கு அவரை இழுக்காதீங்க, அவர் ஆட்டத்துக்கு நீங்க போங்க. தெரியாதவனா உக்காந்து கேளுங்க. ரெண்டாவது, ஆளுக்கொரு போன்ல பாக்குறது கணக்குல சேராது. அவர் உங்க மணிக்கட்டைப் பிடிக்கிற தூரத்துல இருக்கணும்.

இதை எழுதி முடிச்சு அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன். "உன்னைக் கேரியர்ல வச்சுக் கூட்டிட்டுப் போனார். என்னை ஒரு நாளாவது கூப்பிட்டாரா?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. பொம்பளப் புள்ளைய ராத்திரி ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போற வழக்கமே அப்ப இல்லன்னு சொல்லலாம், ஆனா அது பதில் ஆகாது. என் பொண்ணு மட்டும் அவர் பக்கத்துல உக்காந்து பாத்தா, அவர்கிட்ட சண்டையும் போட்டா. அக்காவுக்குக் கிடைக்காதது அவளுக்காவது கிடைச்சுது.

அப்பா 2021-ல போயிட்டார். 2018 ஆசிய விளையாட்டு அரையிறுதியில ஈரான்கிட்ட நாம தோத்தப்ப, ராத்திரி சாப்பிடாமப் படுத்தவர் அவர். 2023 அக்டோபர்ல ஹாங்சோவுல அதே ஈரானை 33-29ல ஜெயிச்சு தங்கத்தைத் திருப்பி எடுத்தோம். நடுவுல தகராறு வந்து ஆட்டம் நின்னு போச்சு. "இது என்னப்பா விதி?"ன்னு கேட்டுக்கிட்டே பக்கத்துல திரும்பினேன். நாற்காலி காலி.

என் அக்கா மகனோட அப்பா கைப்பந்து பைத்தியம். அடுத்த மாசம் பக்கத்து ஊர்ல போட்டி இருக்கு. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாடான்னு சொல்லியிருக்கேன்.