காலி பண்ணின வீட்டோட ஈபி பில்: முழுசா கட்டாதீங்க, கட்டாமலும் விடாதீங்க

அட்வான்ஸ் திரும்ப வாங்குறது பத்தி போன வீடியோல பேசினோம். அதுல நேரம் பத்தாம விட்ட விஷயம் இது.

வீட்டைக் காலி பண்ணியாச்சு. சாவியைக் கொடுத்தாச்சு. புது வீட்ல பாலும் காய்ச்சியாச்சு. ஒரு மாசம் கழிச்சு பழைய ஓனர்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் வருது. "தம்பி, ஈபி பில் 2,350 வந்திருக்கு, ஜிபே பண்ணிடுங்க."

இதைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க ரெண்டு விதமா நடந்துக்குறாங்க. ஒருத்தர், சண்டை எதுக்குன்னு முழுசா அனுப்பிடுவார். இன்னொருத்தர், "அதான் காலி பண்ணிட்டோமே"ன்னு ப்ளூ டிக் கூட விழாம பார்த்துக்குவார். ரெண்டுமே தப்புன்னுதான் நான் சொல்வேன். நீங்க எரிச்ச கரன்ட்டுக்கு நீங்கதான் பணம் தரணும். ஆனா நீங்க போன பிறகு அந்த வீட்ல ஓடின ஏசிக்கு நீங்க தர வேண்டியதில்ல. இந்த ரெண்டையும் பிரிக்கிற கோடு எது? சாவி கொடுத்த அன்னிக்கு மீட்டர்ல இருந்த நம்பர். அது உங்க போன்ல போட்டோவா இருந்தா இது அஞ்சு நிமிஷக் கணக்கு. இல்லேன்னா யார் குரல் பெருசோ அவங்க சொல்றதுதான் கணக்கு.

பில் ஏன் லேட்டா வருதுன்னு முதல்ல பார்ப்போம். தமிழ்நாட்ல வீட்டு மின் இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுப்பாங்க. நாம காலி பண்றது மாசக் கடைசியில. ரீடிங் எடுக்க வர்றவர் மாசக் கடைசி பார்த்து வர மாட்டார். அதனால பெரும்பாலும் ஒரு பில் சுழற்சியோட நடுவுலதான் நாம கிளம்புவோம். அந்தச் சுழற்சிக்கான பில் வரும்போது, உள்ளே இன்னொரு குடும்பம் இருக்கும். ஒரே பில், ரெண்டு வீட்டு உபயோகம்.

இதுல யூனிட்டை மட்டும் பிரிச்சா போதாது, ஸ்லாப் இருக்கு. எல்லாரும் சொதப்புறது இங்கதான், அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம். 2022 செப்டம்பர் 10-ல அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்குவோம். (அதுக்கப்புறம் ரேட் கொஞ்சம் ஏறியிருக்கு. நம்பர் மாறும், கணக்கோட அமைப்பு அதேதான்.) ரெண்டு மாச உபயோகம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா, முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 201-ல இருந்து 400 வரைக்கும் 4.50, 401-ல இருந்து 500 வரைக்கும் 6 ரூபாய். 500-ஐத் தாண்டிட்டா அந்த 2.25 சலுகை போயிடும். 101-ல இருந்தே 4.50 ஆகும். 501-ல இருந்து 600 வரைக்கும் யூனிட் 8 ரூபாய். அதாவது 500 யூனிட்டுக்கு பில் 1,725, 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம்!

இப்போ ஒரு உதாரணம். ஏப்ரல் 12 ரீடிங். நீங்க மே 10-ல காலி பண்றீங்க. கோடை, ஏசி ஓடியிருக்கு, 280 யூனிட். அடுத்து வந்தவங்க ஜூன் 12 வரைக்கும் 270 யூனிட். மொத்தம் 550, பில் 2,350. இதுல உங்க பங்கு எவ்வளவு?

ஓனர் பார்வையில, "உங்க காலத்துல ஆரம்பிச்ச பில்", முழுசும் உங்களுது, 2,350. நீங்க ஈபி கால்குலேட்டர்ல வெறும் 280 யூனிட்டைப் போட்டுப் பார்த்தா 585. யூனிட் விகிதத்துல பிரிச்சா சுமார் 1,196. அதே 280 யூனிட்டுக்கு மூணு பதில்.

என் ஓட்டு 1,196-க்குத்தான். 585 கேட்கத் தோணும், எனக்கும் புரியுது. ஆனா அந்த 100 யூனிட் இலவசம் இணைப்புக்குக் கொடுக்குறது, ஆளுக்கு இல்ல. நீங்களும் அதை முழுசா எடுத்துக்கிட்டா, அடுத்து வந்தவர் தலையில மீதி 1,765 விழும். உங்களைவிட 10 யூனிட் குறைவா எரிச்சவர் அவர். அவரும் நம்மள மாதிரி சம்பளக்காரர்தான். 2,350 கேட்குற ஓனர்கிட்ட மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். நீங்க போனதுக்கும் அவங்க வந்ததுக்கும் நடுவுல பெயின்டர் லைட் போட்டது, கிளீனிங் மெஷின் ஓடினது எல்லாம் ஓனர் கணக்கு, அதையும் தன்மையா ஞாபகப்படுத்துங்க.

சப்-மீட்டர் வச்சு, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அக்ரிமென்ட்ல எழுதி வாங்குற வீடுகள்ல இந்த ஸ்லாப் தலைவலியே இல்ல. அந்த ரேட் நியாயமாங்கிறது வேற சண்டை, அதுக்கு ஒரு தனி வீடியோவே போடலாம்.

சரி, என்னதான் பண்ணணும்? சாவி கொடுக்குற அன்னிக்கு, லாரில சாமான் ஏத்தினதும் மீட்டர் பாக்ஸ் பக்கம் போங்க. டிஜிட்டல் மீட்டர்ல தேதி, நேரம், லோடுன்னு திரை மாறிக்கிட்டே இருக்கும். கிலோவாட் ஹவர் காட்டுற திரை வரும்போது போட்டோ எடுங்க. அபார்ட்மென்ட்ல வரிசையா எட்டு மீட்டர் இருக்கும், உங்க சர்வீஸ் நம்பர் எதுன்னு பார்த்து, மீட்டர் சீரியல் நம்பரும் தெரியுற மாதிரி இன்னொரு போட்டோ. அதை உடனே ஓனருக்கு அனுப்பி, "அங்கிள், இன்னிக்கு சாவி கொடுத்தாச்சு, மீட்டர் ரீடிங் இது"ன்னு ஒரு வரி எழுதுங்க. கேலரியில தூங்குற போட்டோவை விட, அவர் பார்த்துட்டு "ஓகே"ன்னு போட்ட மெசேஜ் பலமான சாட்சி.

அப்படியே அன்னிக்கே கணக்கையும் முடிச்சிடுங்கங்கிறதுதான் என் கட்சி. கடைசி ரீடிங்ல இருந்து இன்னி வரைக்கும் எத்தனை யூனிட்னு தெரியும். அடுத்தவர் எவ்வளவு எரிப்பார்னு தெரியாது, அதனால விகிதம் போட முடியாது. பரவாயில்ல. போன பில்லோட தொகையை அதோட யூனிட்டால வகுத்தா ஒரு யூனிட்டுக்கு சராசரி வரும். அதுல கொஞ்சம் மேலே வச்சு, ஒரு ரேட் பேசி முடிங்க. நூறு இருநூறு கூடப் போகலாம், போகட்டும். ஏன்னா இதுக்கு மாற்றா ஓனர் சொல்லப் போறது, "ஈபி பில் வரட்டும்பா, ஒரு 10,000 பிடிச்சு வச்சுக்கிறேன், அப்புறம் தர்றேன்." 1,200 ரூபா பாக்கிக்கு 10,000 பிணை! பில் வந்த பிறகு அந்த மீதிக்கு நீங்க எத்தனை தடவை போன் பண்ணணும்னு யோசிங்க. பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையை ஏற்கனவே கழிச்சிருப்பார், அதுக்கு மேல இது.

சட்டம் என்ன சொல்லுது? 2017-ல நிறைவேறி 2019 பிப்ரவரி 22-ல அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகைதாரரோட பாக்கியைக் கழிச்சுக்கிட்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தரணும். பாக்கின்னா கணக்குக் காட்டக்கூடிய தொகை. குத்துமதிப்பா ஒரு ரவுண்டு நம்பரைப் பிடிச்சு வைக்கிறதை நான் பாக்கின்னு எடுத்துக்க மாட்டேன். அதுக்கு மேலயும் அவர் பிடிச்சுத்தான் வைப்பேன்னா, எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள திருப்பித் தருவார்னு மெசேஜ்லயாவது எழுதி வாங்குங்க.

போட்டோ எதுவும் எடுக்காமலே காலி பண்ணிட்டவங்க? பில்லோட முழு விவரத்தையும் கேளுங்க, தொகை மட்டும் காட்டுற ஸ்கிரீன்ஷாட் போதாது. எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், முந்தின ரீடிங் என்ன, இப்போ என்ன. புதுசா வந்தவங்க நுழையும்போது ரீடிங் எடுத்திருந்தா உங்க அதிர்ஷ்டம். இல்லேன்னா நாள் கணக்குல பிரிக்கிறதுதான் வழி. அது துல்லியம் இல்ல, ஆனா கேட்கிற யாருக்கும் நியாயமாப் படும்.

அந்தப் பில்லுல வேற ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னும் பாருங்க. சில சமயம் கூடுதல் டெபாசிட்னு ஒரு தொகை சேர்ந்து வரும். உபயோகம் கூடியிருந்தா மின்வாரியம் கேட்குற வைப்புத்தொகை அது. இணைப்பு ஓனர் பேர்ல இருக்கு, டெபாசிட்டும் ஓனர் பேர்லதான் நிற்கும். அது அவரோட சொத்து, நீங்க கட்ட வேண்டியதில்ல. ஆறு மாசம் கழிச்சு "ஆடிட்ல பழைய பாக்கி போட்டிருக்காங்க"ன்னு போன் வந்தா, எந்தக் காலத்துக்கான பாக்கின்னு அந்த நோட்டீஸைக் கேளுங்க. நீங்க குடிவர்றதுக்கு முந்தின காலம்னா மரியாதையா மறுத்துடலாம். நீங்க இருந்த காலம்தான், கணக்கும் சரின்னா கட்டிடுங்க. இன்னொன்னு, மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(2)-படி, ஒரு தொகை முதல்ல கட்ட வேண்டியதான நாள்ல இருந்து ரெண்டு வருஷம் தாண்டிட்டா, அதைத் தொடர்ந்து பாக்கின்னு பில்லுல காட்டிக்கிட்டே வந்திருந்தா ஒழிய, மின்வாரியம் வசூலிக்க முடியாது. இது மின்வாரியத்துக்கும் இணைப்பு வச்சிருக்கிறவருக்கும் நடுவுல உள்ள விதி. இருந்தாலும் ரொம்பப் பழைய பாக்கியோட ஓனர் வந்தா, அவர் முதல்ல ஈபி ஆபீஸ்ல இதைக் கேட்கட்டும்.

ரூம்மேட்ஸோட இருந்து நீங்க மட்டும் கிளம்புறீங்கன்னா, இதே போட்டோவை ரூம் குரூப்ல போடுங்க. அந்த ரீடிங் வரைக்கும் உள்ள யூனிட்டுக்குத்தான் நீங்க பங்கு.

கடைசியா, உங்க யுபிஐ ஆப்பைத் திறந்து பாருங்க. பழைய வீட்டு சர்வீஸ் நம்பர் இன்னும் அங்கே சேவ் ஆகி இருக்கும். ஆட்டோபே போட்டிருந்தீங்கன்னா, அடுத்த குடும்பத்தோட பில்லும் உங்க சம்பளக் கணக்குல இருந்து அமைதியா போயிக்கிட்டு இருக்கும். ஓனர் போன் பண்ணிச் சொல்ல மாட்டார், பில் கட்டப்பட்டிருச்சுன்னுதான் அவருக்குத் தெரியும். அந்த பில்லரை இன்னிக்கே டெலீட் பண்ணுங்க. உங்க பேர்லயே எடுத்த பிராட்பேண்டை எழுத்துல கேன்சல் பண்ணி, ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்த ரசீதை வாங்கி வச்சுக்குங்க.