தாத்தாவின் பாட்டும் பேத்தியின் பாட்டும்

ஐந்தாம் படிவப் பிரியாவிடை விழாவில் ஒரு ஜப்பானியப் பாட்டைச் சேர்ந்து பாடப்போவதாகப் பேத்தி வீட்டில் சொல்ல, தாத்தா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாராம். பினாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. தாத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. "பாட்டு என்ன பாவம் செய்தது?" என்று பேத்தி கேட்டாள். "எங்களை அறைந்து பாடவைத்த பாட்டு அது" என்றார் அவர்.

உண்மையில் இருவரும் பேசியது ஒரே பாட்டைப் பற்றி அல்ல. ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குழப்பம் அங்கேதான்.

தாத்தாவின் பாட்டை முதலில் பார்ப்போம். ஜப்பான் படை பினாங்குக்குள் நுழைந்தது 1941 டிசம்பர் 19. தீவின் பெயர் 'தோஜோ-தோ' ஆயிற்று. கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு மாறியது. பள்ளிகள் மறுபடி திறந்தபோது, காலையில் டோக்கியோ இருக்கும் திசை பார்த்துக் குனிந்து, ஜப்பானின் தேசிய கீதமான 'கிமிகாயோ' பாடிய பிறகுதான் வகுப்பு. ஜப்பானிய மொழியைச் சீக்கிரம் நாக்கில் ஏற்றப் பாட்டே வழி என்று கண்டிருந்தார்கள். மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லிகூட அந்த ஆண்டுகளில் பினாங்கிலிருந்த ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் படித்தவர்தான். இசையின் அடிப்படையும் ஜப்பானியப் பாட்டும் அவருக்கு அங்கே கிடைத்தன. மரவள்ளிக்கிழங்கும் ஜப்பானியரின் வாழைமர நோட்டும் சயாம் மரண ரயிலுமாக அந்தக் காலத்தைக் கடந்த தமிழருக்கு, அந்த மொழியில் எந்த ராகம் காதில் விழுந்தாலும் முதுகுத்தண்டு நிமிர்வது இயல்பு.

பேத்தியின் பாட்டு வேறு இடத்திலிருந்து வருகிறது. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். அங்கே நிறைவு விழா என்றால் விருந்தும் ஆட்டமும் அல்ல. மண்டபத்தில் வரிசையாக நாற்காலிகள். பெயரை அழைத்ததும் எழுந்து குரல் கொடுத்து, சான்றிதழை இரு கையாலும் வாங்கிக் குனிய வேண்டும். கீழ்வகுப்பார் பாடி வழியனுப்புவார்கள், போகிறவர்கள் பதிலுக்குப் பாடுவார்கள். வெளியே வந்ததும் பையன்கள் சீருடையின் இரண்டாவது பொத்தானைப் பிய்த்து மனதுக்குப் பிடித்தவளிடம் கொடுப்பதும் உண்டு. நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானாம். நம் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை முழுக்க மார்க்கர் பேனாவில் கையெழுத்து வாங்குகிறார்களே, கிட்டத்தட்ட அதே ஏக்கம்தான்.

இந்த விழாவின் பழைய பாட்டு 'ஹொதாரு நோ ஹிகாரி', அதாவது மின்மினி வெளிச்சம். எண்ணெய் வாங்க வழியில்லாமல் மின்மினியின் ஒளியிலும் சன்னலோரப் பனியின் வெளிச்சத்திலும் படித்த இரண்டு ஏழைகளைப் பற்றிய சீனக் கதை அதற்குள் இருக்கிறது. தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவர் என்று நாம் சொல்வதில்லையா, அந்த வகை. மெட்டோ ஸ்காட்லாந்துடையது; புத்தாண்டு நள்ளிரவில் உலகம் பாடும் 'ஆல்ட் லாங் சைன்'. பள்ளிக்கென்று பாட்டு வேண்டும் என்று ஜப்பான் அரசு முடிவு செய்து, இசாவா ஷூஜி என்ற கல்வி அதிகாரியையும் பாஸ்டனிலிருந்து வரவழைத்த லூதர் மேசனையும் வைத்துத் தொகுத்த புத்தகத்தில் 1881 தேதியிட்டு இது இடம்பெற்றது.

அந்நிய மெட்டு அங்கே எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு நம் காதே சாட்சி. நான்காவது சுரமும் ஏழாவது சுரமும் இல்லாத ஐந்து சுர மெட்டு அது. ஜப்பானியர் இதை 'நாலு-ஏழு நீக்கியது' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். மத்யமமும் நிஷாதமும் போனால் நமக்கு மிஞ்சுவது மோகனம். ஒருமுறை முணுமுணுத்துப் பாருங்கள், சரியாக உட்காரும்.

தாத்தாவின் கோபத்துக்கு நியாயம் இந்தப் பாட்டில்தான் கிடைக்கிறது. நான்கு சரணங்களில் பின் இரண்டும் பிரிவைப் பற்றியவை அல்ல. நாட்டின் எல்லைகளைப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்பவை. எல்லை விரிந்தபோது வரியையும் திருத்தினார்கள். இசாவாவே 1895இல், புதிதாகப் பிடித்த தைவானுக்குக் கல்வித் தலைவராகப் போனார். பாட்டுப் புத்தகம் படைக்குப் பின்னால் போகும் வழக்கம் பினாங்கில் தொடங்கியதல்ல. போருக்குப் பின் அந்தச் சரணங்கள் கைவிடப்பட்டன; இன்று பாடுவது முதல் இரண்டு மட்டுமே.

பேத்தி தேர்ந்தெடுத்ததோ இதையும் அல்ல. அவள் பாடப்போவது 'தபிதாச்சி நோ ஹி நி', 'புறப்படும் நாளில்'. 1991இல் சைத்தாமா மாநிலத்தின் சிச்சிபு நகரில், காகெமோரி நடுநிலைப் பள்ளியில் பிறந்த பாட்டு. அடங்காத பிள்ளைகள் என்று பெயரெடுத்திருந்த பள்ளியைப் பாடவைத்தே திருத்தலாம் என்று நம்பியவர் தலைமையாசிரியர் கொஜிமா நொபோரு. போகிற பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு எழுதித் தாருங்கள் என்று இசை ஆசிரியை சகமோதோ ஹிரோமி கேட்டதற்கு, எனக்கு அதெல்லாம் வராது என்றார். மறுநாள் காலை ஆசிரியையின் மேசையில் வரிகள் இருந்தன. மெட்டுக்குக் கால் மணி நேரம்தான் ஆனது என்கிறார்கள். ஆசிரியர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குப் பாடினார்கள். அந்த ஒரு முறையோடு முடிய வேண்டியது. அந்த மார்ச்சிலேயே கொஜிமா ஓய்வு பெற்றார். பாட்டு பள்ளிவிட்டுப் பள்ளி பரவி, நாடெங்கும் 'மின்மினி வெளிச்ச'த்தின் இடத்தைப் பிடித்தது. அமைச்சகம் அனுப்பியதல்ல, யாரும் யாரையும் அறைந்து பாடவைத்ததுமல்ல.

சகுரா பூ உதிர்வதாக வரும் சினிமாத்தனமான பிரிவுப் பாட்டுகள் தனி ரகம். அவற்றில் பல, கேட்கக் காதல் பாட்டு போலவே இருக்கும். நம்மவர்களுக்கு இது புதிதா? 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் கண்ணதாசன் எழுதிய கல்லூரிப் பிரிவுப் பாட்டை இன்றும் மேடையில் பாடித்தானே கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

ஆகவே பேத்தி பாடட்டும். தடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பாடுவதற்கு முன் அவள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1942இல் எட்டு வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறுக்கு மேல். அன்று பாடவைத்த பாட்டு எது, வரிகள் நினைவிருக்கிறதா என்று தாத்தாவிடம் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். உங்கள் வீட்டிலும் அந்த வயதில் ஒருவர் இருந்தால், இந்த வாரமே கேளுங்கள்.