ட்ராயிங் மாஸ்டர் என்றால் இளக்காரமா?

பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் பீரியட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு, கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொண்டு போகிற பீரியட்! மாஸ்டரும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிடுவார். "பெரிய ஓவியரா இருந்தா இங்க ஏன்டா வர்றாரு?" என்று கடைசி பெஞ்சில் நாங்கள் பேசியிருக்கிறோம். நானும்தான். அது எவ்வளவு தப்பு என்று எனக்கு உறைத்தது, ஜான் செல் காட்மன் என்ற ஆங்கிலேயரைப் பற்றிப் படித்தபோது.

காட்மன் 1782-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்தார். பதினாறு வயதில் லண்டன் போனார். 1800-லேயே ராயல் அகாடமி கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. 1805-ல் யார்க்‌ஷயர் பக்கம் கிரேட்டா நதியின் பாலத்தை வாட்டர் கலரில் வரைந்தார். இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு வளைவுப் பாலம், பாறைகள், மரங்கள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே சீரான பூச்சு. நாமெல்லாம் வாட்டர் கலர் அடித்தால் மேலே மேலே தேய்த்துச் சேறாக்கிவிடுவோமே, அது இல்லை. எங்கே கையை எடுக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இதெல்லாம் சோறு போடவில்லை. 1806-ல் ஊர் திரும்பி ட்ராயிங் சொல்லிக்கொடுத்தார். 1809-ல் ஒரு யோசனை செய்தார். சந்தா கட்டினால் அவருடைய படங்களை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்து வரைந்துவிட்டுத் திருப்பித் தரலாம். நம்ம ஊர் வாடகை நூலகத்தில் நாவல் எடுப்பதுபோல! 1812-ல் யார்மவுத் போய், டாசன் டர்னர் என்ற வங்கிக்காரரின் மனைவிக்கும் மகள்களுக்கும் வகுப்பு எடுத்தார். கடைசியில் 1834-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளியில் ட்ராயிங் ஆசிரியர் வேலை. பிற்காலத்தில் பெயர்பெற்ற ரொசெட்டி அங்கே அவரிடம் படித்தவர்தான். நடுவில் தீராத பணக்கஷ்டம், அடிக்கடி மனச்சோர்வு. 1842-ல் இறந்தார். அதற்குப் பிறகு அவர் படங்கள் அற்ப விலைக்குத்தான் ஏலம் போயின. இருபதாம் நூற்றாண்டில்தான் உலகம் அவரைக் கொண்டாடியது.

'வாத்தியார் வேலை ஒரு கலைஞனைத் தின்றுவிட்டது' என்று சிலர் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நேரத்தைத் தின்றது, உண்மை. ஆனால் கிரேட்டா பாலத்துக்கு அவர் எப்படிப் போனார் தெரியுமா? யார்க்‌ஷயரில் ஒரு குடும்பத்து வீட்டில் கோடைகளில் தங்கி, அங்கிருந்த பெண்களுக்கு ட்ராயிங் சொல்லிக்கொடுத்தார். அந்த வீட்டுப் பையன்தான் 1805-ல் அவரோடு கிரேட்டா பக்கம் போனவன். அந்த வேலை இல்லாவிட்டால் அந்தப் படமே இல்லை! அவரைத் தின்றது கற்பித்தல் அல்ல. படம் வாங்க ஆளில்லாத ஊரும், பாடம் சொல்பவரை மட்டமாக எடைபோட்ட பேச்சும்தான் என்பது என் கருத்து. அந்தப் பேச்சைத்தான் நாங்களும் கடைசி பெஞ்சில் பேசினோம்.

எங்கள் மாஸ்டர் வீட்டில் என்ன வரைந்தார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் மாஸ்டர் இன்னும் அங்கேயே இருந்தால், ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்களேன்.