ஓட்டை சின்னதுதான், கசடு எங்கே போகும்?

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. விமான இன்ஜினுக்குள் சுழலும் டர்பைன் தகடுகளில் அரை மில்லிமீட்டர் ஓட்டை போடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். "லேசரையும் மின்வேதியியலையும் சேர்த்துச் செய்யறது சார். நீங்க பத்தாங்கிளாஸ்ல காட்டினீங்களே, காப்பர் சல்பேட் தண்ணி, அதே சமாச்சாரம்தான்."

அவனுக்கு ஞாபகம் இருந்ததில் எனக்குச் சந்தோஷம். மறந்தவர்களுக்காக: காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு செம்புத் தகடு, ஒரு பேட்டரி. நேர்முனைத் தகடு கரைந்து மெலியும், எதிர்முனைத் தகடு தடிக்கும். எவ்வளவு மின்சாரம் போகிறதோ அதற்கேற்ற உலோகம் கரையும் என்று 1830-களிலேயே ஃபாரடே கணக்குச் சொல்லிவிட்டார்.

டர்பைனில் வீசும் வாயுவின் சூடு, அந்தத் தகடு உருகும் சூட்டையே தாண்டும். ஓட்டைகள் வழியே வந்து மேலே போர்வை மாதிரிப் படரும் காற்றுதான் அதைக் காப்பாற்றுகிறது. லேசர் அந்த ஓட்டையைச் சட்டென்று போட்டுவிடும். ஆனால் உருகிய உலோகம் ஓட்டையின் சுவரிலேயே மறுபடி உறைந்து ஒட்டிக்கொள்ளும், அதில் மயிரிழை விரிசல்களும் விழும். மின்வேதி முறையில் உப்புக்கரைசலும் மின்சாரமும் உலோகத்தைக் கரைக்கின்றன. உருக்குவதில்லை, அதனால் அந்த விரிசல் கிடையாது. மெதுவான வேலை, ஓட்டையின் வாயும் தேவைக்கு மேல் அகலும். அதனால்தான் இரண்டையும் சேர்ப்பது. லேசரால் துளைத்துவிட்டு, கெட்ட படலத்தை மட்டும் கரைத்து எடுக்கலாம். அல்லது பீச்சும் உப்புக்கரைசல் தாரைக்குள்ளேயே லேசரைச் செலுத்தலாம்.

"புகை இல்ல, சுத்தமான டெக்னாலஜி சார்" என்றான். அங்கேதான் நான் நிறுத்தினேன்.

கரைந்த உலோகம் எங்கே போகும்? அந்தத் தகடுகள் நிக்கல் கலவை. அதில் குரோமியமும் உண்டு, சில கலவைகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை. வாணியம்பாடிக்காரனிடம் குரோமியம் என்று சொல்லிவிட்டுச் சும்மா போக முடியுமா? டேனரிகளில் தோலுக்குப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். சோடியம் நைட்ரேட் கரைசலில் இந்த உலோகத்தைக் கரைத்தால் வருவது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் தருவது, தண்ணீரோடு சுலபமாக ஓடுவது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடிய பிறகும் லட்சம் டன்னுக்கு மேல் கிடந்த கசடு இந்த வகைதான்.

கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் எழுதியது, நம் பாலாற்று வழக்கில்தான். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதற்குள் கிணறுகள் போய்விட்டிருந்தன.

இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் இரண்டையும் சேர்க்கும் முறைக்குத்தான் என் ஓட்டு. பெரும்பாலான வேலையை லேசர் முடித்துவிட்டால் உப்புக்கரைசல் கரைப்பது மெல்லிய படலம் மட்டும், கசடு குறையும். (லேசர் கிளப்பும் உலோகப் புகையையும் பிடிக்கவேண்டும், அது தனிக் கதை.)

பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியைச் சொல்கிறார்கள். ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போதே, ஆறை மூன்றாக்கும் தொட்டி எங்கே, கசடு எந்த இடத்துக்குப் போகும் என்று எழுதி வாங்கட்டும். பெரிய வித்தை இல்லை. ஃபெரஸ் சல்பேட் போட்டு மாற்றி, சுண்ணாம்பு போட்டுப் படியவைப்பது. அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து எழுந்த மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் 1953 முதல் இருக்கிறது. அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குரோமியத் தண்ணீரோடு மல்லுக்கட்டிப் பழகிய பையன்கள் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் இருக்கிறார்கள். அவர்களையும் ஓசூருக்குக் கூப்பிடுங்கள், நல்ல சம்பளத்துக்கு.

"எங்க ஆலையில அது எங்க போகுதுன்னு நான் கேட்டதே இல்ல சார்" என்றான் கிளம்பும்போது. திங்கட்கிழமை விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான். இன்று வெள்ளி. இன்னும் போன் வரவில்லை.