ஒரு நம்பராவது மனப்பாடமாகத் தெரியுமா?



போன மாதம் ஒரு ராத்திரி, பாண்டிச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். பாண்டிப் பக்கமிருந்து வரும் பேருந்தை எல்லைச் சாவடியில் நிறுத்திப் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது வாடிக்கைதான். அன்றைக்கும் இருவர் ஏறினார்கள். ஒருவர் காக்கியில், மற்றவர் சாதாரண சட்டையில். எனக்கு முன் சீட்டில் இருபது வயதுப் பையன் ஒருவன். "பையை எடுத்துக்கிட்டு கீழே இறங்கு" என்றார் சாதாரண சட்டைக்காரர். பையனுக்குப் பேச்சே வரவில்லை. கண்டக்டர் வாட்சைப் பார்த்தார்.

பக்கத்து சீட்டில் அறுபது தாண்டிய ஓர் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "சார், நீங்க எந்த ஸ்டேஷன்? பேரு சொல்லலாமா? பையை இங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்களேன், எல்லாரும் இருக்கோம்" என்றார். ஒரு நிமிட மௌனம். சாதாரண சட்டைக்காரர் அடையாள அட்டையைக் காட்டினார். பையன் தன் கையாலேயே பையைத் திறந்தான். முறுக்கு டப்பா, ஈரம் காயாத லுங்கி, சர்டிஃபிகேட் ஃபைல். அவ்வளவுதான். "சரி, போங்க" என்று இறங்கிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறீர்களா? ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

அந்த அம்மா கேட்ட "பேரு சொல்லலாமா?" என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது. 1986 ஆகஸ்டில், மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. பத்து வருடம் கழித்து, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்யும்போது போலீசார் கடைப்பிடிக்க வேண்டியவை என்று 11 கட்டளைகள். அவற்றில் முதலாவதே, கைது செய்கிறவரும் விசாரிக்கிறவரும் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பதுதான். இன்று அது சட்டத்திலேயே ஏறிவிட்டது.

வழியில் நம்மை நிறுத்தினால், நடப்பது எது என்று முதலில் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். கேள்வி கேட்பது வேறு, சோதனை போடுவது வேறு, கைது வேறு.

கேள்விக்குப் பதில் சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பெயர், ஊர், எங்கே போகிறோம் என்பதை உள்ளபடி சொல்லிவிடலாம். வண்டி ஓட்டுகிறவர், சீருடையில் உள்ள போலீசார் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தாலும் செல்லும். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. விசாரணையின்போது போலீசாரிடம் சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வெற்றுத்தாளில் போடவே கூடாது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றாலும், பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் அல்லது 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

சோதனையில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். பெண்ணை உடல் சோதனை செய்வதானால் பெண்தான் செய்ய வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல். கஞ்சா போன்ற போதைப்பொருள் சந்தேகத்தில் உடல் சோதனை என்றால், ஒரு கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை செய்யுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இருப்பதை அவர்களே நம்மிடம் சொல்ல வேண்டும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இது உடல் சோதனைக்கு மட்டும்தான், கையில் உள்ள பைக்குப் பொருந்தாது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் உடல் சோதனை செய்ய வந்தாலும் இதே போன்ற உரிமை சுங்கச் சட்டத்தின் 102-ஆவது பிரிவில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திருச்சியில் வந்து இறங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஏதாவது பொருளை எடுத்துக்கொண்டால் பட்டியல் போட்டு, சாட்சிகள் கையெழுத்துடன் மகஜர் எழுத வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. "வீடியோ எடுக்கிறீங்களா சார்?" என்று கேட்பது எதிர்ப்பு ஆகாது.

தேர்தல் வந்துவிட்டால் நம் ஊர்ச் சாலைகளில் பறக்கும் படை நிற்கும். மாடு விற்ற காசோடு சந்தையிலிருந்து திரும்புகிறவர், கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிறவர், எல்லாரும் மாட்டுகிறார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டு போனால் வங்கிச் சீட்டு, விற்ற ரசீது என்று ஏதாவது ஒன்றைப் பணத்தோடு சேர்த்தே வையுங்கள். பணத்தை எடுத்துக்கொண்டால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். கட்சிக்கோ வேட்பாளருக்கோ சம்பந்தமில்லாத பணத்தைத் திருப்பிக் கொடுக்க மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்கிறது. அங்கே முறையிடலாம்.

கைது என்ற சொல் வந்துவிட்டால் நிலைமையே வேறு. ஏன் கைது என்று சொல்ல வேண்டும். விருப்பப்பட்ட வக்கீலைக் கலந்தாலோசிக்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து விடியும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. அபூர்வமான சூழலில் மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதியோடு பெண் போலீஸ் மட்டுமே செய்யலாம். காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100. எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. 2020-இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் ஒரு தகப்பனும் மகனும் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது. சட்டம் தெரிந்துவிட்டதாலேயே அடி விழாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பேர் முன்னால் தன்மையாகக் கேட்ட ஒரு கேள்விக்கு என்ன பலம் என்பதை அந்தப் பேருந்தில் கண்ணால் பார்த்தேன். சண்டை வேண்டாம், ஓட வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். கேட்டால் போதும்.

வண்டி கிளம்பியதும் அந்த அம்மா பையனிடம், "வீட்டு நம்பர் சொல்லு தம்பி" என்றார். அவன் போனை எடுத்தான். "அதைப் பார்க்காம சொல்லு. அவங்க முதல்ல வாங்கி வெக்கிறது அதைத்தான்." அவனுக்குத் தெரியவில்லை. கைதான விவரத்தை உறவினருக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. யாருக்கு, எந்த எண்ணுக்கு என்று நாம்தானே சொல்ல வேண்டும்?

பின் சீட்டில் நானும் என் மகளின் எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆறு இலக்கத்தோடு நின்றுவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் மீதி நான்கையும் நெட்டுருப் போட்டுவிட்டேன். பக்கத்தைத் திருப்புவதற்கு முன், நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்களேன்.

அன்புடன்,
ஆசிரியர்