எட்டு வெள்ளி தொண்ணூறு காசுக் கோழி

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே எங்கள் காலை நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளின் போக்கு மாறிவிடும். பாட்டுக் கேட்பவர்கள் குறைவார்கள். விலை கேட்பவர்கள் கூடுவார்கள். ஆட்டிறைச்சி கிலோ என்ன, தேங்காய் ஒன்று என்ன என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "இந்த அரசாங்கம் எல்லாத்துக்கும் ஒரு விலையைப் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒலிபரப்பில் அதற்குக் கிடைப்பது நாற்பது விநாடி. அதற்குள் விளம்பரம் வந்து நிற்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை, ஆற அமரப் பேசலாம்.

எஸ்பிஎம் தேர்வுக்குப் பொருளியல் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால், தேவைக் கோடும் அளிப்புக் கோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கத்தரிக்கோலைத் திறந்து வைத்ததுபோல் இருக்கும். அந்தப் படம் நம் ஊர்ச் சந்தையிலேயே உயிரோடு நடந்த ஆண்டு 2022.

அந்த ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், தீபகற்ப மலேசியாவில் முழுக் கோழியின் விலை கிலோவுக்கு 8 ரிங்கிட் 90 சென்னைத் தாண்டக்கூடாது என்று அரசாங்கம் உச்ச விலை விதித்தது. அதே மாதம் 24-ஆம் தேதி ரஷ்யப் படை உக்ரேனுக்குள் நுழைந்தது. கோழிக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? சோளம்தான். உக்ரேன் உலகுக்குச் சோளம் விற்கும் பெரிய நாடுகளில் ஒன்று. நம் பண்ணைக் கோழிகள் தின்னும் சோளமும் சோயாவும் பெரும்பாலும் அர்ஜெண்டினா, பிரேசில் போன்ற தூர நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. உக்ரேன் சோளம் நின்றால் அதை வாங்கியவர்கள் அர்ஜெண்டினா சோளத்துக்குப் போட்டிக்கு வருவார்கள். எல்லாருக்கும் விலை ஏறும். ஒரு கோழியை வளர்க்க ஆகும் செலவில் பத்தில் ஏழு பங்கு வரை தீனிக்கே போகிறது. தீனி விலை ஏறியது, கோழி விலை மட்டும் ஏறக்கூடாது என்று கட்டப்பட்டிருந்தது.

இப்போது ஒரு பண்ணைக்காரரின் இடத்தில் இருந்து பாருங்கள். பண்ணைக் கோழி ஐந்து, ஆறு வாரத்தில் விற்பனைக்குத் தயாராகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அவர் முன்னே இருக்கும் கேள்வி, 'பண்ணையை நடத்தலாமா, மூடிவிடலாமா' என்ற பெரிய கேள்வி இல்லை. 'அடுத்த தொகுதிக்குக் குஞ்சு எத்தனை இறக்கலாம்' என்ற சின்னக் கேள்விதான். இதைத்தான் பொருளியலில் இறுதிநிலை முடிவு என்கிறார்கள். கடைசியாகச் சேர்க்கும் ஒரு கோழிக்கு ஆகும் செலவு, அது கொண்டுவரும் பணத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கோழியை அவர் வளர்க்க மாட்டார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவருக்கும் பள்ளிக் கட்டணம் கட்டப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசாங்கம் பண்ணைகளுக்கு உதவித்தொகை கொடுத்தது உண்மைதான். செலவு ஏறிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை என்பது பண்ணைக்காரர்களின் குறையாக இருந்தது.

விளைவு, மே மாதம் சந்தையில் கோழித் தட்டுப்பாடு. விலைப் பலகையில் 8.90 என்று எழுதியிருக்கும். கூண்டில் கோழி இருக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விலை ஏறினால் ஏழைக்குக் கோழி கிடைக்காது என்பதால்தான் விலையைக் கட்டுகிறோம். நல்ல எண்ணம். ஆனால் இருக்கிற கோழி எல்லாருக்கும் போதாதபோது, யாருக்குக் கொடுப்பது என்பதை ஏதோ ஒன்று முடிவு செய்தே ஆக வேண்டும். விலை அதைச் செய்யவில்லை என்றால் வரிசை செய்யும். அல்லது கடைக்காரரோடு இருக்கும் பழக்கம் செய்யும். காலை ஆறு மணிக்குச் சந்தைக்கு வர முடிந்தவருக்குக் கோழி கிடைக்கும். இரவு வேலை முடித்துப் பேருந்து பிடித்துப் பத்து மணிக்கு வந்து சேரும் தொழிற்சாலைப் பெண்ணுக்குக் காலிக் கூண்டுதான். விலை ஏறினால் காசில்லாதவருக்குக் கோழி இல்லை. விலையைக் கட்டிப்போட்டால் நேரமில்லாதவருக்குக் கோழி இல்லை. இந்த இரண்டு பேரும் பல நேரங்களில் ஒரே ஆள்தான் என்பது புள்ளிவிவரத்தில் தெரிவதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கட்டுப்பாடு முழுக் கோழிக்குத்தான். தொடை, இறக்கை, நெஞ்சுக்கறி என்று துண்டு துண்டாகப் போட்டால் அதற்கு உச்ச விலை கிடையாது. நீங்கள் வியாபாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கத்தியை எடுப்பீர்கள். ஒரு பொருளின் விலையை அழுத்தினால் அது பக்கத்தில் எங்கேயாவது வீங்கும். பலூனை அழுத்திப் பார்த்தவர்களுக்கு இதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை.

அடுத்து வந்தது ஏற்றுமதித் தடை. 2022 ஜூன் 1 முதல், மாதத்துக்கு 36 லட்சம் கோழிகள் வரை வெளியே போவது நிறுத்தப்பட்டது. அதில் அதிகம் தவித்தது சிங்கப்பூர். முந்தைய ஆண்டு அவர்கள் இறக்குமதி செய்த கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நம்முடையது. பெரும்பாலும் உயிரோடு பாலம் தாண்டி, அங்கே போய் அறுபடும் கோழிகள். தடை தொடங்கும் முன் அங்கே கோழிச் சோற்றுக் கடைகளில் கூட்டம் கூடியதைச் செய்திகளில் பார்த்தோம். ஆனால் மாதம் முடிவதற்குள் சிங்கப்பூர் இந்தோனேசியாவிலிருந்து உறையவைத்த, குளிரூட்டிய கோழியை வாங்க அனுமதி கொடுத்துவிட்டது. நம்முடைய தடை அக்டோபர் 11-ஆம் தேதி பண்ணைக் கோழிகளுக்கு நீங்கியது. ஆனால் நான்கு மாதம் வேறு இடத்தில் வாங்கிப் பழகிய வாடிக்கையாளர் அத்தனை பேரும் அப்படியே திரும்பி வருவார்கள் என்று எந்த மளிகைக்கடைக்காரரும் நம்பமாட்டார். முதல் வாரத்தில் வேறு வழி தெரியாமல் தவிப்பவர், நான்காவது மாதத்தில் நான்கு வழி கண்டுபிடித்திருப்பார். நெகிழ்ச்சி என்று பாடத்தில் படிக்கிறோமே, அது காலம் போகப் போகக் கூடும் என்பது இதுதான்.

நாம் மட்டும் ஏன் வேறு வழி தேடவில்லை? கோழிக்கு நம் நாட்டில் மாற்று குறைவு. இந்துக்களில் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. முஸ்லிம்கள் பன்றி இறைச்சி தொடுவதில்லை. ஆட்டிறைச்சி பெரும்பகுதி இறக்குமதி, விலையும் அதிகம். கல்யாணப் பந்தி, அலுவலக விருந்து, மாமாக் கடை எதுவானாலும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடக்கூடிய இறைச்சி கோழி ஒன்றுதான். உலகில் தலைக்கு அதிகம் கோழி சாப்பிடும் நாடுகளில் நாமும் ஒன்று. அதனால்தான் கோழி விலை ஏறினால் நாம் வாங்குவதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. வேறு எதையோ குறைக்கிறோம். பிள்ளையின் நீச்சல் வகுப்பையோ, அப்பாவின் கண் பரிசோதனையையோ. கோழி விலையைப் பற்றி அரசியல்வாதிகள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதும் இதிலேயே விளங்கும்.

ஜூலை 1-ஆம் தேதி உச்ச விலை 9 ரிங்கிட் 40 சென்னாக உயர்த்தப்பட்டது. 2023 நவம்பர் 1-ஆம் தேதி கோழிக்கான கட்டுப்பாடும் உதவித்தொகையும் முழுமையாக நீங்கின. முட்டைக்கு அது இன்னும் கொஞ்சக் காலம் தொடர்ந்து, 2025 ஆகஸ்டு முதல் அதற்கும் உதவித்தொகை நின்றது.

அப்படியென்றால் விலைக் கட்டுப்பாடே கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயங்களில் சில வாரங்களுக்கு மட்டும் வரும் பண்டிகைக்கால உச்ச விலை வேறு கதை. பண்டிகைக்கு நாம் வாங்கும் இறக்குமதி ஆட்டிறைச்சி ஏற்கெனவே குளிர்சாதனக் கிடங்கில் இருக்கிறது. கோழி ஏற்கெனவே பண்ணையில் வளர்ந்து நிற்கிறது. அந்த இரண்டு, மூன்று வாரத்தில் விலை ஏறினாலும் வரத்து பெரிதாகக் கூடப்போவதில்லை. வியாபாரியின் இலாபம்தான் கூடும். எனவே குறுகிய காலக் கட்டுப்பாட்டால் பொருள் காணாமல்போகும் ஆபத்து குறைவு. 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தில் தனிநபருக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம் உண்டு என்பதை வியாபாரிகளும் அறிவார்கள். ஆனால் அதே மருந்தை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கொடுத்தால், அடுத்த தொகுதிக் குஞ்சு இறக்கலாமா என்று யோசிக்கும் மனிதரை அது தொட்டுவிடுகிறது.

நீண்டகாலத்துக்கு என் ஓட்டு, பொருளின் விலையைத் தொடாமல் ஆளின் கையில் கொடுப்பதற்குத்தான். 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லாருக்கும் மைகாட் வழியாக அடிப்படைப் பொருள் வாங்க 100 ரிங்கிட் கொடுத்தார்களே, அது இந்த வகை. 2025 செப்டம்பர் இறுதியில் வந்த பெட்ரோல் திட்டமும் பாதி அந்த வழிதான்: தொடங்கியபோது மலேசியருக்கு மாதம் 300 லிட்டர் வரை ரோன்95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னாகவும், மற்றவர்களுக்குச் சந்தை விலையாகவும் இருந்தது. "கையில காசு கொடுத்தா கடைக்காரன் விலையை ஏத்திடுவானே" என்று ஒரு நேயர் மடக்கினார். பாதி சரி. வரத்து கூட முடியாத பொருளாக இருந்தால் ஏற்றிவிடுவார். வரத்து கூடக்கூடிய பொருளாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரர் ஏற்ற விடமாட்டார். எந்தப் பொருள் எந்த வகை என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் சத்தம் போடுவதில் பயனில்லை.

விலை பற்றிப் பேசும்போது நம் வீட்டுக்குள்ளேயே கணக்கில் வராமல் போகும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் ஓர் அக்கா இருக்கிறார். ஆண்டு முழுதும் ரவிக்கை தைப்பார். தீபாவளிக்கு மட்டும் முறுக்கு. போன ஆண்டு டப்பா 25 ரிங்கிட், மாவு எண்ணெய் எரிவாயு டப்பாச் செலவு 11 ரிங்கிட், 60 டப்பா விற்றேன், 840 ரிங்கிட் இலாபம் என்றார். எத்தனை நாள் ஆச்சுக்கா என்று கேட்டேன். இரண்டு வாரம், ராத்திரி ராத்திரி. அந்த ராத்திரிகளில் ரவிக்கை தைத்திருந்தால்? இரவுக்கு இரண்டு, செலவு போக ஒன்றுக்கு 45 ரிங்கிட். அதுவும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், தையற்காரரைத் தேடி ஊரே அலையும் நேரம். பதினான்கு இரவுக்கு 1,260 ரிங்கிட்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ 420 வெள்ளி கொடுத்து நான் முறுக்கு சுட்டிருக்கேனா?" என்றார். பொருளியல்காரர்கள் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைவிட்ட வேலையின் மதிப்பும் செலவுதான். ரசீது வராது என்பதால் கண்ணில் படுவதில்லை. அதற்காக முறுக்கை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தன் கை முறுக்கு பதினைந்து வீட்டுத் தட்டில் இருப்பது அவருக்கு 420 வெள்ளிக்கு மேலான சந்தோஷம் என்றால், கணக்கு அங்கேயே சரியாகிவிடுகிறது.

அவர் வேறு வழியில் போனார். இந்த ஆண்டு டப்பா 32 ரிங்கிட் என்று வாட்ஸ்அப்பில் போட்டார். டப்பாவுக்கு இலாபம் 21. இருபது பேர் கழன்றுகொண்டாலும், மீதி நாற்பது டப்பாவில் அதே 840 ரிங்கிட் வந்துவிடும். நான்கு இரவு மிச்சமாகும், அதில் எட்டு ரவிக்கை. "ரொம்பப் பேர் கோவிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்" என்றார், போன வாரம் மின்தூக்கியில் பார்த்தபோது. அதுவரை 43 டப்பாவுக்கு ஆர்டர் வந்திருந்தது. அதில் இரண்டு என்னுடையது.