மரதன் பாதையை யார் பார்ப்பது?

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் முதலில் நடப்பது மரதன். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். நம் பாடசாலைகளில் ஐந்து, ஏழு கிலோமீற்றர் ஓடினாலும் பெயர் அதுதான். பெயரில் எனக்குப் பிரச்சினை இல்லை.

மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறோம். நீளம் பாய்தல் குழியில் மணலைக் கிளறிக் கல் பொறுக்குகிறோம். மரதன் ஓடும் வீதியை மட்டும் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. திருகோணமலை மாவட்டத்தில் மாரி மழை ஓய்ந்த கையோடு போட்டி வைத்தால், உள்வீதிகள் மிக மோசமாகக் கிடக்கும் நேரம் அது. கிரவல் கழுவுண்டு கல் மட்டும் நிற்கும். கிண்ணியா, மூதூர் பக்கம் மணல் டிப்பர்கள் உடைத்த குழிகள் வேறு. அதில் சில பிள்ளைகள் வெறுங்காலோடு, சிலர் தேய்ந்த பாடசாலைச் சப்பாத்தோடு. முன்னும் பின்னும் பழைய மாணவர்களின் மோட்டார் சைக்கிள் புகை.

"அபேபே பிகிலா 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடித்தானே தங்கம் எடுத்தார்" என்பார்கள். எடுத்தார். அவர் முறையாகப் பயிற்சி எடுத்த படைவீரர். 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடி மறுபடியும் வென்றதை யாரும் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் பலருக்குப் பயிற்சி என்பது பெயர் கொடுத்ததோடு சரி. ஓடி முடித்தாலே இல்லத்துக்குப் புள்ளி என்று விதி வைத்தால் இன்னும் மோசம். தலை சுற்றினாலும் பிள்ளை நிற்காது.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் இறந்தான். மக்கள் வைத்தியசாலை முன் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் வைத்தியசாலைக்கு வருமுன் உள்ள கேள்விகள் ஆசிரியர்களாகிய நமக்குரியவை. இழுப்பு, நெஞ்சு வருத்தம் உள்ள பிள்ளை யார் என்று விசாரித்தோமா? வழியில் தண்ணீர் எங்கே? விழுந்தால் ஏற்ற எந்த வாகனம்?

எத்தனை மணிக்கு ஓட விடுகிறோம் என்பதும் முக்கியம். அழைப்பிதழில் 6.30 என்றிருக்கும். பிரதம அதிதி வந்து கொடி அசைக்க எட்டாகிவிடும். 2019இல் டோஹாவில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கியும் 68 பேரில் 28 பேர் இடையில் விலகினார்கள். உலகத் தரமான ஓட்டக்காரிகள் அவர்கள்! ஈரக் காற்றில் வியர்வை காயாது, உடம்பும் ஆறாது. நம் கடலோரக் காற்றும் அப்படித்தான். வெயிலில் ஓடிய பிள்ளை தடுமாறிப் பேச்சுக் குழறினால், சுற்றி நின்று வாயில் சோடா ஊற்றக் கூடாது. நிழலில் கிடத்தி, அங்கேயே உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அந்த நேரத்தில் வாகனம் வரட்டும். மீன் விற்கும் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்?

மரதனையே நிறுத்து என்பவர்களோடும் நான் இல்லை. நூறு மீற்றரில் வெல்லாத, கரைவலை இழுத்துப் பழகிய பிள்ளைக்குக் கைதட்டல் கிடைக்கும் ஒரே நிகழ்ச்சி சில நேரம் அதுதான். வீதி சரியில்லையா, மைதானத்தில் ஓட விடுங்கள். ஐந்து கிலோமீற்றர் என்பது 400 மீற்றர் ஓடுபாதையில் பன்னிரண்டரைச் சுற்று. பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். விழும் பிள்ளை நம் கண் முன்னால் விழும்.

வீதியில்தான் ஓட வேண்டும் என்றால், ஒரு கிழமைக்கு முதல் அதிபரும் விளையாட்டுப் பொறுப்பாசிரியரும் அந்தப் பாதையை ஒருதரம் நடந்து பார்க்கட்டும். பிரதேச சபை உறுப்பினரைக் கொடி அசைக்கக் கூப்பிடுகிறோமே, அந்த அழைப்பிதழ் கொடுக்கும்போதே குழிகளுக்கு ஒரு லோட் கிரவலும் கேட்டால் என்ன?